இரண்டு காயல்களின் கரிமீன்

எங்கள் வலியசாலை அக்ரஹார வீட்டுக்குள் மீன் வந்தது புகைப்படமாக மட்டும்தான். அப்பாவின் தங்கையான அத்தை விலங்கியலில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். வெள்ளாயணிக் காயலின் கரிமீனும் ஆக்குளம் காயலின் கரிமீனும் உடல்வடிவில் வேறுபடுகின்றனவா என்பது அவள் கேள்வி. கல்லூரியில் மீன்களைப் படமெடுத்துவந்து, கண், வாய், துடுப்பின் அடி என்று ஒவ்வொரு படத்திலும் புள்ளி வைத்து அளப்பாள். படங்கள் பூஜை அறைப் பக்கம் வரக் கூடாது என்பது தாத்தாவின் நிபந்தனை. பட்டம் வாங்கும்வரை கல்யாணப் பேச்சை எடுப்பதில்லை என்பது அவர் தந்த சலுகை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தை படங்களின் பின்பக்கம் காயலின் பெயரை எழுதி, கலைத்து, என் முன் பரப்பினாள். மாதிரிக்குச் சில படங்களைக் காட்டினாள். "இதெல்லாம் வெள்ளாயணி, இதெல்லாம் ஆக்குளம். மிச்சத்தை நீ பிரிச்சு வை, பார்ப்போம்."

முதுகு உயர்ந்தவை ஒருபக்கம், தாழ்ந்தவை மறுபக்கம் என்று வெகு கவனமாகப் பிரித்தேன். திருப்பிப் பார்த்தால் இரண்டு அடுக்கிலும் இரண்டு காயல்களும் கலந்துகிடந்தன.

"மீனையே பார்க்காத கொழந்தைட்ட கேட்டா எப்படி?" என்று தாத்தா சிரித்தார்.

"எனக்கும் இப்படித்தான்ப்பா வர்றது," என்றாள் அத்தை. "கணக்குப் போட்டா வித்தியாசம் இருக்குன்னுதான் சொல்றது. ஆனா எவ்வளவு? ஒரே காயல் மீனுக்குள்ளயே இதைவிட ஜாஸ்தி இருக்கே."

"அப்படி எழுதினா பட்டம் குடுப்பாளா?" என்று கேட்டார் தாத்தா.

அத்தை படங்களை அடுக்கத் தொடங்கினாள்.

அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியருக்கு இரண்டும் தனித்தனி வகையாக இருக்க வேண்டியிருந்தது. அடுத்த வாரம் அத்தை என்னையும் கல்லூரிக்கு அழைத்துப்போனாள். பேராசிரியர் ஆய்வேட்டில் எண்களை மாற்றச் சொல்லவில்லை. வித்தியாசம் 'மிகச் சிறியது' என்று எழுதியிருந்ததை மட்டும் எடுத்துவிடச் சொன்னார்.

"வித்யாசம் உண்டல்லோ. பின்னெ எந்தா?" என்று மலையாளத்தில் கேட்டார்.

"உண்டு சார். பக்ஷே, தீரெ செறுது." ஆனால் ரொம்பவே சின்னது என்றாள் அத்தை.

"மீன் தின்னாத்த வீட்டிலெ குட்டிக்கு எல்லா மீனும் ஒருபோலெ தோணும்," என்றார் அத்தையைப் பார்த்து. அறையில் இருந்த மற்ற மாணவர்கள் சிரித்தார்கள்.

அத்தை அந்த வரியை எடுக்கவில்லை. அவர் கையெழுத்துப் போடவில்லை. பட்டம் வராது என்றானதும் தாத்தாவின் சலுகையும் முடிந்தது. தை மாதம் கல்யாணம். ஆராய்ச்சியைப் பற்றி மாப்பிள்ளை வீட்டாரிடம் யாரும் மூச்சுவிடவில்லை. பிற்பாடு அதே பேராசிரியரிடம் வேறொருவர் அதே மீன்களை இரண்டு வகை என்று எழுதிப் பட்டம் வாங்கினார்.

கல்யாணத்துக்கு முந்தின நாள், மருதாணி காயக் கைகளை விரித்து உட்கார்ந்திருந்த அத்தையிடம், படங்களை இன்னொரு முறை கொடுத்தால் சரியாகப் பிரித்துவிடுவேன் என்று கெஞ்சினேன்.

"நீ அன்னிக்கே சரியாத்தான்டி பிரிச்சே," என்றாள்.

என்னைத் தேற்றுவதற்காகப் பொய் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.