தாள் திருப்பியவள்

பதுளையில் கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சராக இருந்த சலேத்மேரிக்கு யாரையும் அவ்வளவு சுலபத்தில் பிடிக்காது. அவளுடைய அப்பா ஹல்துமுல்லைப் பக்கத்துத் தோட்டமொன்றின் தேயிலைத் தொழிற்சாலையில் டீமேக்கர். ஏழு வயதிலேயே மகளை மடத்து போர்டிங்கில் சேர்த்துவிட்டார். அங்கே ஒரு வெள்ளைக்காரக் கன்னியாஸ்திரியிடம் பன்னிரண்டு வருடம் பியானோ படித்தாள். விரல் பிசகினால் மணிக்கட்டில் ரூலர் விழும். அப்படிப் படித்தவள் என்பதாலோ என்னவோ, பிழையாக வாசிப்பவர்களைப் பார்த்தால் அவளுக்கு இரக்கம் வராது, இளக்காரம்தான் வரும். முப்பத்துநாலு வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்க வந்த ஒரு கிளாக்கர் மாப்பிள்ளை தாளம் தப்பி ஒரு பாட்டை முணுமுணுத்தார் என்று அவரை வேண்டாமென்று சொன்னவள்.

அறுபத்தெட்டாம் வருடம் பதுளைக் கலைச் சங்கத்தார் கொழும்பிலிருந்து ஒரு கச்சேரியை வரவழைத்தார்கள். சங்கத்தின் செயலாளர் ஜௌபர், கடைவீதியில் இரும்புக்கடை வைத்திருந்தவர். கொழும்பில் ஒரு சங்கீதப் பள்ளியில் படிப்பிக்கும் இரண்டு பேர், ஜெரால்ட் டி வாஸ் என்பவர் பியானோவும், மிஸ் எர்னஸ்டின் என்ற அம்மாள் செலோவும் வாசிப்பார்கள். முதல் நாள் பதுளையில், மறுநாள் பண்டாரவளையில் தோட்டத்துரைமாரின் கிளப்பில். செலோ என்றால் என்னவென்று கேட்டவர்களுக்கெல்லாம் ஜௌபர், "உட்கார்ந்து வாசிக்கிற பெரிய சைஸ் வயலின்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதுவே அவருக்கும் முந்தாநாள்தான் தெரியும்.

டி வாஸுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, சுரங்கள் எழுதிய நோட்டுப் புத்தகத்தின் தாளைத் திருப்ப ஒரு ஆள் வேண்டும் என்று கடிதத்தில் எழுதியிருந்தார்கள். பதுளை முழுக்கத் தேடியும் நோட்டு வாசிக்கத் தெரிந்தவள் சலேத்மேரி ஒருத்திதான்.

ஒத்திகைக்குப் போனபோது டி வாஸ் அவளை மேலும் கீழும் பார்த்தார். தலைக்கு வாசனை எண்ணெய் தடவி, விரல்களைத் தூக்கித் தூக்கிப் பேசுகிற மனிதர்.

"உனக்கு இது வாசிக்கத் தெரியுமா?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

"தெரியாவிட்டால் கூப்பிட்டிருக்க மாட்டார்கள்," என்று அவளும் இங்கிலீஷிலேயே சொன்னாள்.

"நான் தலையாட்டிச் சொல்ல மாட்டேன். அது அசிங்கம். நீயே பார்த்துத் திருப்ப வேண்டும்."

சாயங்காலம் ஐந்து மணிக்குக் கச்சேரி தொடங்கியது. முன்வரிசையில் அரசாங்கக் கந்தோர் அதிகாரிகளும் கடை முதலாளிமாரும் மனைவிமாரோடு இருந்தார்கள். வாசிப்பு நடுவில் நிற்கும்போதெல்லாம் முடிந்துவிட்டதென்று நினைத்துக் கைதட்டினார்கள். ஒருவர் தட்டினால் பக்கத்தில் இருப்பவரும், தான் பட்டிக்காட்டான் இல்லை என்று காட்ட, இன்னும் பலமாகத் தட்டினார். கடைசி வரிசையில் அவளுடைய அப்பா, ஹல்துமுல்லையிலிருந்து பஸ் ஏறி வந்து, கோட்டுப் பொத்தான் எல்லாம் போட்டு உட்கார்ந்திருந்தார்.

மூன்றாவது உருப்படியில் ஒரு இடத்தில், வாசித்த பகுதியையே மறுபடி வாசிக்க வேண்டும். அதற்கு நோட்டில் இரட்டைக் கோட்டுக்குப் பக்கத்தில் இரண்டு புள்ளி போட்டிருக்கும். மிஸ் எர்னஸ்டின் ஒழுங்காகத் திரும்பப் போனாள். சலேத்மேரியும் தாளைப் பின்னுக்குத் திருப்பினாள். டி வாஸ் மட்டும் புள்ளியைக் கவனிக்காமல், ஞாபகத்திலிருந்தே முன்னுக்குப் போய்விட்டார். செலோ ஒரு பக்கம், பியானோ ஒரு பக்கம் என்று கொஞ்ச நேரம் இழுபட்டு, இரண்டும் நின்றன.

டி வாஸ் எழுந்து சபையைப் பார்த்துச் சிரித்தார். "மன்னிக்க வேண்டும். தாள் திருப்பும் பெண் தப்பான பக்கத்துக்குப் போய்விட்டார். தேயிலைக் காட்டில் இவ்வளவுதான் கிடைக்கும்."

சபை விழுந்து விழுந்து சிரித்தது. இரண்டு புள்ளியைப் பற்றிக் கேள்விப்பட்டிராத ஜௌபரும் சிரித்தார். மிஸ் எர்னஸ்டின் மட்டும் குனிந்து செலோவின் கம்பியை முறுக்குவதுபோல் பாவனை செய்துகொண்டிருந்தாள். அவளுக்குத் தெரியும். ஆனால் வாயைத் திறக்கவில்லை.

சலேத்மேரி இடத்தைவிட்டு அசையாமல் கடைசிவரை தாள் திருப்பிக் கொடுத்தாள். வெளியே வந்ததும் அப்பா கேட்டார்.

"நீயா பாப்பா தப்புப் பண்ணுன?"

"இல்லப்பா. அந்தாளுதான்."

"அப்பச் சரி," என்று சொல்லிவிட்டு அவர் பஸ்ஸுக்குப் போனார்.

மறுநாள் காலை ஜௌபரின் கார் மடத்து வாசலில் நின்றது. பண்டாரவளையிலும் நோட்டுத் தெரிந்த ஆள் இல்லை. அங்கே பியானோ வாசிக்கும் துரைசானி ஒருத்தி காய்ச்சலில் கிடந்தாள்.

"நேத்து நடந்தத மனசுல வச்சிக்கிறாதீங்க டீச்சர்," என்றார் ஜௌபர். "தப்பு யாருக்கும் வாறதுதான்."

"ஆமாங்க, அவருக்கு வந்துச்சு. நீங்க எதுக்குச் சிரிச்சீங்க?"

ஜௌபர் கார்ச்சாவியை விரலில் சுற்றினார். "எல்லாரும் சிரிச்சாங்க..."

"நான் வாறேன். ஆனா ஒண்ணு. இனி நானாத் திருப்ப மாட்டேன். அவர் தலையாட்டினாத்தான் திருப்புவேன். ஒவ்வொரு பக்கத்துக்கும்."

"அவர் பெரிய மனுசன், டீச்சர். தலையாட்டுறது அசிங்கமாம்."

"பெரிய மனுசனுக்குக் கழுத்து இல்லையா? சம்மதம்னா வாறேன். இல்லாட்டி நீங்களே போய்த் திருப்புங்க."

டி வாஸுக்கு வேறு வழி இருக்கவில்லை. அன்று சாயங்காலம் கிளப்பில் அவர் ஒவ்வொரு பக்கத்தின் முடிவிலும் முகத்தைச் சுளித்துக்கொண்டு தலையை ஆட்டினார். சலேத்மேரி உடனே எழுந்து திருப்பிவிட்டு, கையை மடியில் வைத்து உட்கார்ந்துகொண்டாள். அவர் ஆட்டுவது சங்கீத உணர்ச்சியால்தான் என்று துரைமார் நினைத்தார்கள். முதலில் ஒரு துரைசானி கண்ணை மூடிக்கொண்டு ஆட்டினாள். பிறகு அவளுடைய புருஷன். நாலாவது உருப்படிக்குள் முன்வரிசை முழுக்கத் தலையாட்டியது. இதைப் பார்த்த சலேத்மேரிக்குச் சிரிப்புக்கூட வரவில்லை. இவ்வளவு விலை உயர்ந்த கோட்டுக்குள்ளே இவ்வளவு வெறுமையா என்றுதான் தோன்றியது.

கடைசி உருப்படி வேகமானது. வேகத்தில் டி வாஸ் தலையாட்ட மறந்துபோனார். பக்கம் முடிந்தது. சலேத்மேரி அசையவில்லை. அவர் ஞாபகத்திலிருந்து கொஞ்சம் வாசித்தார். அதுவும் தீர்ந்தது. கை அந்தரத்தில் நின்றது. செலோ மட்டும் தனியாகப் போய்க்கொண்டிருந்தது.

"திருப்பு," என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

அவள் அவருடைய கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மிஸ் எர்னஸ்டின் தான் வாசித்த சுரத்தை இழுத்துப் பிடித்தபடி, முன்வரிசைக்குக் கேட்கும்படியாகச் சொன்னாள்: "தலையை ஆட்டுங்கள், ஜெரால்ட். நேற்றுப் புள்ளியைத் தவறவிட்டவர் நீங்கள்தானே."

கிளப்பில் ஓர் இருமல் கேட்டது. பிறகு எங்கிருந்தோ சிரிப்பு. டி வாஸ் காது சிவக்கத் தலையை ஆட்டினார். சலேத்மேரி எழுந்து, எல்லோரும் பார்க்கும்படி ஒரே ஒரு தாளை இரண்டு விரலால் பிடித்துத் திருப்பினாள்.

கச்சேரி முடிந்து மிஸ் எர்னஸ்டின் அவளைத் தேடி வந்தாள். கையைப் பிடித்து, "நேற்றே எனக்குத் தெரியும்," என்றாள்.

"எனக்கும் தெரியும், உங்களுக்குத் தெரியுமென்று. நேற்றே சொல்லியிருக்கலாம்," என்று சொல்லிக் கையை இழுத்துக்கொண்டாள் சலேத்மேரி. ஜௌபரின் காரில் ஏறவில்லை. ரயிலில் பதுளைக்குத் திரும்பினாள்.

சங்கத்தார் அவளை அதற்குப் பிறகு எதற்கும் கூப்பிடவில்லை. அவளும் அவர்கள் இருக்கும் பக்கம் போகவில்லை. மடத்தில் பாட்டுப் படிப்பித்ததோடு, பின்னேரங்களில் பிள்ளைகளைப் பியானோத் தேர்வுக்குத் தயார்ப்படுத்தத் தொடங்கினாள். அவர்களில் இரண்டு பேர் லயத்துப் பிள்ளைகள், கொழுந்து பறிப்பவர்களின் மக்கள். வகுப்பில் அந்த இரண்டு புள்ளியைக் காட்டி, "இது கொழும்புக்காரங்க கண்ணுக்குத் தெரியாது, நீங்க பாத்துக்குங்க," என்பாள். எழுபத்திமூன்றில் ஆறு பேரைத் தேர்வுக்கு அனுப்பினாள். லயத்துப் பிள்ளைகள் இரண்டு பேரையும் சேர்த்து ஐந்து பேர் தேறினார்கள். தேறாதவள் ஜௌபரின் மகள் றமீலா.

ஜௌபர் நேரே வந்து கேட்டார். "என்ன டீச்சர், எங்கட புள்ளய மட்டும் விட்டுட்டீங்களே?"

"புள்ள நல்ல புள்ளங்க," என்றாள் சலேத்மேரி. "காதுதான் இல்ல. உங்களப் போல. தையல் படிக்க விடுங்க."

ஜௌபர் கோபித்துக்கொண்டு போனார். றமீலாவுக்கோ தாங்க முடியாத சந்தோஷம். அடுத்த வாரமே தையல் வகுப்பில் சேர்ந்துகொண்டாள்.