ஏழாவது குழி

யோகேஸ்வரன் ரேடியேட்டர் மூடியைத் திறந்து சுட்டுவிரலை உள்ளே விடுகிறார். வெளியே எடுத்துக் கட்டைவிரலோடு தேய்த்து மூக்கருகே கொண்டுபோகிறார். எண்ணெய்ப் பிசுக்குத் தட்டினால் போதும், அடுத்து அவர் தேடுவது ஸ்பானரை அல்ல, திட்டுவதற்கு ஓர் ஆளை. "இந்த எஞ்சினச் செஞ்சவன் யாருங்க?" என்று ஆரம்பிப்பார். வண்டிக்காரர் பெயரைச் சொல்லும்வரை வேலையில் கை வைக்கமாட்டார்.

ராகலை டவுனைத் தாண்டி இரண்டாவது வளைவில் அவருடைய தகரக் கூரை கராஜ். முகப்பில் நீலப் பலகை, அதில் அவரே எழுதிய 'யோகேஸ்வரன் மோட்டர்ஸ்'. உள்ளே பின்சுவர் நெடுக ஆணியடித்துப் பழைய ஹெட் கேஸ்கட்டுகளை மாட்டியிருக்கிறார். எஞ்சினின் தலைக்கும் உடலுக்கும் நடுவே வைத்து இறுக்கும் தகடு அது. ஓரிடத்தில் சரியாக அமுங்காவிட்டாலும் தண்ணீர் கசிந்து, எஞ்சின் கொதித்து, வண்டி நடுவழியில் நின்றுவிடும். ஒவ்வொன்றின் கீழும் வெள்ளைப் பெயின்டில் வண்டி நம்பரும், அதைப் பூட்டிய மெக்கானிக்கின் பெயரும் உண்டு. கந்தப்பளையிலிருந்து ஒருவர் தன் பெயரைப் பார்த்துவிட்டுச் சண்டைக்கே வந்தார். "எழுத்துப் பிழை இருந்தா சொல்லுங்க, திருத்திடுறேன்" என்றார் இவர்.

வயது நாற்பத்தெட்டு. ஏப்ரல் வெயிலிலும் மங்கி கேப்பைக் கழற்றமாட்டார். பாலில்லாத பிளேன்டீக்கு எல்லோரும் உள்ளங்கையில் சீனியைக் கொட்டி நக்கிக்கொள்வார்கள். இவர் கையில் எப்போதும் கிறீஸ் என்பதால், புதுச் சாமான் வந்த அட்டைத் துண்டில் கொட்டி நக்குவார். அந்த நேரத்தில் மட்டும் கராஜில் அமைதி நிலவும். அதையும் கெடுக்க இரண்டு சொல் போதும்: 'ஒண்ணும் ஆகாது.' சிங்களத்தில் 'அவுலக் நே' என்றாலும் அதே கதிதான். "அப்பிடிச் சொல்றவன மொதல்ல வண்டியில ஏத்திப் பள்ளத்துல விடணும்" என்பார்.

அவருடைய கோபம் எனக்குப் பிடிக்கும். நான் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்து டீச்சர், பதினோரு வருடமாக அங்கே இருக்கிறேன். கொழுந்து ஏற்றும் லொறி நேரம் தவறாமல் வருகிறது. கொஞ்சம் பிந்தினாலும் ஒப்பீஸிலிருந்து ஆள் மேல் ஆள் வருகிறது. பிரசவ வலி வந்தவளை ஏற்ற மட்டும் ஒரு வண்டி இல்லை. கேட்டால் எழுதிக் கொடுங்கள் என்கிறார்கள். நாங்களும் எழுதிக் கொடுத்துக்கொண்டே இருக்கிறோம். இருப்பது செல்லசாமியின் பழைய டொல்பின் வேன் ஒன்றுதான். காலையில் பிள்ளைகளை ஏற்றும், மற்ற நேரத்தில் நோயாளிகளை.

போன மாதம் அந்த வேனின் எஞ்சினை இறக்கி முழுதாகச் செய்து கொடுத்தவர் யோகேஸ்வரன். பத்தாம் நாள், சனிக்கிழமை நண்பகலில், பிரசவ வலி வந்த எங்கள் தோட்டத்துத் தனலெட்சுமியை நுவரெலியா ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனோம். ஏற்றத்தில் வேன் வெள்ளைப் புகை கக்கி நின்றது. பின்னால் வந்த கொழுந்து லொறியை மறித்து, வெறுஞ்சாக்கை விரித்து அவளைப் படுக்கவைத்தோம். குளிரில் அவள் பல் கிடுகிடுத்தது இன்னும் என் காதில் இருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போன அரை மணியில் பெண் குழந்தை பிறந்தது, இருவரும் சுகம். ஆனால் எனக்கு வந்த ஆத்திரம் அடங்கவில்லை.

திங்கட்கிழமை வேனைக் கட்டி இழுத்துக்கொண்டு கராஜுக்குப் போனார் செல்லசாமி. பள்ளிக்கூடம் விட்டதும் நானும் போனேன். யோகேஸ்வரன் ஏற்கெனவே பெயின்ட்டைக் கலக்கி வைத்திருந்தார். சூடான எஞ்சினில் ரோட்டோரப் பீலியில் பிடித்த குளிர்ந்த தண்ணீரை ஊற்றியிருப்பீர்கள் என்று செல்லசாமியைத் திட்டினார். கேஸ்கட் விற்ற கடைக்காரனைத் திட்டினார். ரோட்டையும் விடவில்லை. திட்டியபடியே பதினெட்டு போல்ட்டையும் கழற்றி ஹெட்டைத் தூக்கினார். சுற்றிலும் அழுந்திக் கறுத்திருந்த கேஸ்கட், ஏழாவது போல்ட்டின் அருகில் மட்டும் கடையில் வாங்கியபடியே பளபளத்தது. கம்பியில் துணி சுற்றி அந்தப் போல்ட் இறங்கும் குழிக்குள் விட்டார். துணி எண்ணெயில் நனைந்து வந்தது.

குழியில் எண்ணெய் தேங்கியிருந்தால் போல்ட் இறுகிவிட்டது போலவே ஸ்பானர் காட்டும், உள்ளே கேஸ்கட் அமுங்கியிருக்காது. பூட்டுவதற்கு முன் எல்லாக் குழியையும் துடைக்க வேண்டும் என்று ஊருக்கெல்லாம் கத்திச் சொல்பவர் இவர்தான்.

"ஆறு குழி தொடச்சேன்" என்றார். "அப்பதான் ஒரு லொறிக்காரன் வந்து, பழைய கேஸ்கட்டையே போட்டுக் குடுங்க, ஒண்ணும் ஆகாதுன்னான். அவனத் திட்டப் போனேன். திட்டிட்டு வந்து எட்டாவதுல இருந்து தொடச்சிருக்கேன்."

சாமான் சரியில்லாமலும் இருந்திருக்கலாம் என்று செல்லசாமி இழுத்தார். இவர் நனைந்த துணியை நீட்டிக் காட்டினார்.

"அதான் புள்ள நல்லபடியா பொறந்துருச்சே பாஸ், ஒண்ணும் ஆகலையே" என்றார் செல்லசாமி.

கத்தப்போகிறார் என்று நினைத்தேன். "ஆகியிருந்தா?" என்று மட்டும் கேட்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. தோட்டத்தில் ஓர் ஆம்புலன்ஸ் இருந்தால் அவளை ஏன் இந்த வேனில் ஏற்றுகிறோம், அதற்குப் பொறுப்பானவர்களின் பெயரையல்லவா எழுத வேண்டும் என்றேன்.

"அவங்களுக்கும் எழுதலாம் டீச்சர். மொதல்ல இது."

கேஸ்கட்டையும் சுத்தியலையும் பெயின்ட் டப்பாவையும் எடுத்துக்கொண்டார். பின்சுவருக்குப் போகவில்லை. வாசலுக்கு வந்து, ஸ்டூலில் ஏறி, நீலப் பலகைக்கு நேர் கீழே ஆணியை அடித்து, ரோட்டில் போகிறவர்கள் பார்க்கும்படி அதை மாட்டினார். கீழே வண்டி நம்பரை மட்டும் எழுதினார்; பெயர்தான் மேலே பலகையில் இருக்கிறதே.