ரிலீவர் கங்காவின் நாலு நிமிடம்

கங்காவுக்கென்று லைனில் ஓர் இடம் கிடையாது. மற்றவர்களின் இடங்கள்தான் அவளுடைய இடம். காருக்குள் ஓடும் ஒயர்களைக் கட்டுக்கட்டாகத் தயாரிக்கும் ஒரகடம் கம்பெனி ஒன்றில் எட்டு வருடமாக அவள் ரிலீவர். யாராவது பாத்ரூம் போக வேண்டுமென்றால் அவள் வந்து அந்த இடத்தில் நின்று வேலையைப் பார்ப்பாள். போனவள் திரும்பியதும் நகர்ந்துவிடுவாள். முப்பத்திரண்டு இடத்து வேலையும் அவள் கைக்குத் தெரியும். “உன் சம்சாரத்துக்கு இன்னா வேலை?” என்று வாலாஜாபாத்தில் யாராவது கேட்டால், “எல்லார் வேலையும்தான்” என்பார் அவள் வீட்டுக்காரர்.

ரிலீவரைக் கூப்பிட ஒவ்வொருவர் தலைக்கு மேலும் ஒரு கயிறு தொங்கும். இழுத்தால் மஞ்சள் விளக்கு எரியும். கூடவே ஐஸ் வண்டி மணி மாதிரி ஒரு பாட்டும் லைன் முழுக்கக் கேட்கும்.

அந்தத் திங்கட்கிழமை ஆறு பெண்கள் புதிதாக வந்தார்கள். புதியவர்களுக்கு முதல் மாதம் பச்சைத் தொப்பி. ஏழு நாள் பார்த்துவிட்டுத் தாக்குப்பிடிப்பவர்களை மட்டும் வைத்துக்கொள்வார்கள். அவர்களில் மாரிசெல்வி சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். நல்ல கைவேகம். மூன்றாம் நாளே பழைய ஆட்களுக்குச் சமமாகக் கட்டினாள். அன்று பதினொரு மணிக்கு, கையில் பிடித்த ஒயரோடு அப்படியே சரிந்து விழுந்தாள்.

முதலுதவி அறையில் கண் விழித்தபோது கங்கா பக்கத்தில் இருந்தாள். வாசலில் நின்ற சூப்பர்வைசர் ஜெகதீஷ், “மயக்கம் போடற ஆளை மெஷின் பக்கத்துல வெக்க முடியாதுக்கா. ரெண்டு மணிக்கு டாக்டர் வருவாரு. அன்ஃபிட்னு எழுதிட்டார்னா சாயங்காலமே அனுப்பிடுவாங்க” என்று சொல்லிவிட்டுப் போனான்.

“யக்கா, திரும்பிப் போனா அப்பா அடுத்த மாசமே எங்கல்யாணத்த முடிச்சிருவாவ” என்றாள் மாரிசெல்வி.

கங்கா ஆறுதல் சொல்லி நேரத்தை வீணாக்கவில்லை. நாக்கை நீட்டச் சொன்னாள், காய்ந்திருந்தது. புறங்கைத் தோலைக் கிள்ளிவிட்டாள், மெதுவாகத்தான் படிந்தது. அவளுடைய தண்ணீர் பாட்டிலை எடுத்துப் பார்த்தாள். கழுத்துவரை நிரம்பியிருந்தது.

“கடைசியா எப்போடி ஒண்ணுக்குப் போன?”

“அஞ்சு மணிக்கு, ஹாஸ்டல்ல.”

“தண்ணி?”

“குடிக்கலக்கா. குடிச்சா போகணும்லா. மூணு நாளா அப்படித்தான்.”

“டீ டைம்ல போறதுக்கு இன்னா?”

“நாப்பது பேரு வரிசைல நிக்காவ. எம்மொற வரதுக்குள்ள மணி அடிச்சிருது.”

“தலைக்கு மேல கயிறு எதுக்குத் தொங்குது? துணி காயப்போடவா?”

மாரிசெல்வி சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “அத இழுத்தா பாட்டு பாடுதுலாக்கா. அத்தன ஆம்பளைக்கும் நான் எங்க போறேன்னு தெரிஞ்சிரும்.”

“அடிப்பாவி! பாட்டுக்கு வெக்கப்பட்டு வேலையை வுடப் பாத்தியே!”

சிரித்தாலும் கங்காவுக்கு உள்ளுக்குள் சுருக்கென்றது. சேர்ந்த புதிதில் அவளும் இதையே செய்து, நீர்க்கடுப்பு முற்றிக் காய்ச்சலில் பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தவள். உப்புச்சர்க்கரைப் பொடியைக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கவைத்தாள். பன்னிரண்டரைக்குப் பாத்ரூம் அனுப்பினாள்.

“எந்த நெறத்துல போச்சு?”

“நல்லெண்ண மாதிரி.”

இன்னும் இரண்டு டம்ளர். ஒன்றரைக்கு மறுபடி அனுப்பினாள்.

“இப்போ?”

“எலுமிச்சச் சாறு மாதிரிக்கா.”

“பொழச்ச.”

டாக்டர் வந்ததும் கங்கா முந்திக்கொண்டாள். “சீக்கு ஒண்ணும் இல்ல சார். மூணு நாளா தண்ணியே குடிக்கல.” அவர் நாடி பார்த்தார், ரத்த அழுத்தம் பார்த்தார், இரண்டு கேள்வி கேட்டார். ஃபிட் என்று எழுதி, அன்றைக்கு ஓய்வு, நாளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர் என்றார். மாரிசெல்வி அந்தச் சீட்டை இரண்டு முறை படித்துவிட்டுத்தான் மூச்சுவிட்டாள்.

ஜெகதீஷுக்கும் நிம்மதிதான், நல்ல கை போகவில்லை. “டாக்டருக்கே நீ வைத்தியம் சொல்லிட்டியாமே” என்றான்.

“அது இருக்கட்டும். நாளையிலேர்ந்து பச்சைத் தொப்பிங்க கூப்பிடறதுக்கு முன்னாடி நானே போய் நிக்கறேன். ஆளுக்கு நாலு நிமிஷம்.”

“லைன் நின்னுடும்க்கா.”

“நான் நிக்கறப்போ லைன் எங்க நிக்குது? இன்னிக்கு அவ வுழுந்ததுலதான் இருபத்தாறு நிமிஷம் நின்னுது.”

அவன் தலையைச் சொறிந்தான். “சரி, செய்யி.”

ஏழாம் நாள் காலை, வைத்துக்கொள்ளப் போகிறவர்களின் பெயர்களைப் படித்தார்கள். ஆறு பேரும் இருந்தார்கள். பத்து மணிக்குக் கங்கா பச்சைத் தொப்பிகளின் சுற்றில் இரண்டாவது பெண்ணின் இடத்தில் நின்றிருந்தபோது பாட்டு கேட்டது. நிமிர்ந்து பார்த்தாள். மாரிசெல்வியின் கை இன்னும் கயிற்றில் இருந்தது.

“யாரும்மா ஐஸ் கேட்டது?” என்று பேக்கிங் பக்கமிருந்து ஒரு குரல்.

“நான்தாண்ணே. ஒங்களுக்கும் ஒண்ணு வாங்கியாரவா?”

லைனே சிரித்தது. இரண்டாவது பெண் திரும்பி வந்ததும் கங்கா போய், பாதி கட்டிய ஒயரை மாரிசெல்வியிடமிருந்து வாங்கிக்கொண்டாள். அவள் ஓடவில்லை, நடந்தே போனாள். மேசையோரம் அவளுடைய பாட்டில் காலியாக இருந்தது.