சாயம் சேர்க்காத சாராயம்

தனக்கொடியைப் பெண் பார்க்க வந்த மூன்றாவது குடும்பம் காபியைக்கூடத் தொடாமல் எழுந்து போனதற்கு அவள் வாய்தான் காரணம் என்று பாண்டிச்சேரியை ஒட்டிய தவளக்குப்பத்தில் சொல்வார்கள். அது உண்மைதான்.

மாப்பிள்ளையின் தாயார், "பொண்ணு எங்க வேல பாக்குது?" என்று கேட்டார்.

அண்ணன் ராமலிங்கம் முந்திக்கொண்டான். "மருந்துக் கம்பெனில கெமிஸ்ட்டுங்க."

"மருந்து இல்லீங்க, சாராயக் கம்பெனி" என்றாள் தனக்கொடி. "பிராந்தி, ரம்மு எதுவானாலும் நான் பாத்து கையெழுத்துப் போட்டாத்தான் வெளிய போவும்."

வண்டி கிளம்பிய பிறகு அண்ணன் தலையில் கைவைத்து உட்கார்ந்தான். "கம்பெனின்னதோட விட்டிருந்தா இன்னா கெட்டுப் போச்சு?"

"நாளைக்குத் தெரியும்போது பொய்க்காரி நானாவுல்ல இருப்பேன்?"

கத்தரியும் வேர்க்கடலையும் போடுகிற வீட்டில் பிறந்து, தினமும் இரண்டு பஸ் மாறி லாஸ்பேட்டைக் கல்லூரிக்குப் போய் வேதியியல் படித்தவள் அவள். ஊருக்கு வெளியே இருந்த பலராமனின் சிறிய மதுபானத் தொழிற்சாலையில் 2003இல் சேர்ந்தாள். பாட்டில் கழுவும் பெண்களை விட்டால் அங்கே பெண் என்று அவள் ஒருத்திதான்.

2006இல் பலராமனுக்கு ஒரு ஆசை வந்தது. நூறு வருஷத்துக்குக் கிட்ட ஐரோப்பாவின் பல நாடுகளில் தடைபட்டுக் கிடந்த அப்சிந்த் என்ற மூலிகைச் சாராயத்தை அங்கே சின்னச் சின்ன ஆட்கள் செம்புப் பானையில் மறுபடி காய்ச்சத் தொடங்கியிருந்தார்கள். பாண்டிச்சேரியில் பிறந்து பிரான்சில் மதுக்கடை வைத்திருந்த இராமதாஸ் என்பவர், நம் ஊரில் ஒழுங்காகக் காய்ச்சினால் வாங்குவதாகச் சொல்லியிருந்தார். பலராமன் வேலையைத் தனக்கொடியிடம் கொடுத்தார்.

அது சரியாக வர அவளுக்கு எட்டு மாதம் ஆயிற்று. நம் மாசிபத்திரிக்கு உறவான கசப்பு இலை மூட்டையாகக் கப்பலில் வந்தது. சோம்பைப் பெரிய மார்க்கெட்டில் அவளே மோந்து பார்த்து வாங்கினாள். இரண்டையும் ஸ்பிரிட்டில் ஊறவைத்துச் செம்புப் பானையில் ஏற்றி, முதலில் வரும் காரத்தைக் கொட்டி, கடைசியில் வரும் நாற்றத்தையும் கொட்டி, நடுவில் வருவதை மட்டும் பிடித்தாள். நாக்கில் ஒரு சொட்டு வைப்பாள், துப்புவாள், நோட்டில் எழுதுவாள். ஒருநாள் அதில் குளிர்ந்த தண்ணீர் விட்டபோது நீராகாரம் போல வெள்ளையாகத் திரண்டது. நல்ல அப்சிந்துக்கு அதுதான் அடையாளம். அன்றைக்கு அவள் மதியச் சாப்பாட்டையே மறந்துவிட்டாள்.

காய்ச்சியது தண்ணீர் நிறத்தில்தான் வரும். அதில் வேறு இலைகளை ஊறவைத்துத்தான் பச்சை ஏற்ற வேண்டும். கண்ணாடி அலமாரியில் வைத்த இரண்டே வாரத்தில் அந்தப் பச்சை பழுத்த இலை போல வெளிறிப் போயிற்று. பலராமன் அவளைக் கேட்காமலே அல்வாக் கடைப் பச்சைச் சாயத்தைக் கலக்கி நூறு பாட்டில் அடைத்து, கையெழுத்துக்குத் தாளை நீட்டினார்.

"ஒரு சிட்டிகதாம்மா. யாருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியும் சார். 'நிறம் முழுதும் மூலிகையால் வந்தது'ன்னு லேபிள்ல போட்டிருக்கீங்க. அத எடுத்துடுங்க, போடறேன்."

"எடுத்தா எவன் வாங்குவான்?"

"அப்ப பச்சையே வேணாம். தண்ணி மாதிரி வருதே, அப்படியே அடச்சி அனுப்புங்க."

"வெள்ளையா இருந்தா சாராயம்னுவான்."

"சாராயம்தான சார் அது."

பலராமன் மேசை மேலிருந்த லேப் சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "கையெழுத்துப் போடற வரைக்கும் அந்தப் பக்கம் வராத."

மறுநாள் ஒன்பது மணிக்கு அவள் வந்து வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டாள். நேராகப் பாட்டில் கழுவும் இடத்துக்குப் போய்ப் பலகையில் உட்கார்ந்தாள்.

அங்கே மூத்தவளான ஆயம்மா, "படிச்ச பொண்ணு, ஒனக்கு இன்னா இங்க வேல?" என்றாள்.

"லேப் பூட்டிக் கெடக்குது. சும்மா ஒக்காரச் சொல்றியா?"

பத்து நாள் கழுவினாள். சலவைச் சோடாத் தண்ணீரில் விரல்கள் வெடித்தன. பலராமன் அந்த வழியாகப் போனால் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போவார். அவளுக்குப் பயம் இல்லாமல் இல்லை. இந்த வேலை போனால் வேறு எந்தத் தொழிற்சாலையும் சேர்க்காது என்று தெரியும். பயம் வரும்போதெல்லாம் பாட்டிலை இன்னும் அழுத்தித் தேய்த்தாள்.

பதினோராம் நாள் இராமதாஸ் வந்தார். பச்சைப் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தவர், "இவ்ளோ பச்சையா? எந்த எல இது?" என்றார். பலராமன் லேபிளைக் காட்டினார். "காய்ச்சினவங்களக் கூப்பிடுங்க" என்றார் இராமதாஸ்.

ஈரத் துப்பட்டாவோடு வந்து நின்றாள் தனக்கொடி. "எல இல்ல சார். சாயம்."

பலராமன் முகம் சுண்டிப் போயிற்று. அவள் அவர் முன்னால் கையை நீட்டினாள். "லேப் சாவி குடுங்க சார்."

இராமதாஸ் பார்த்துக்கொண்டிருக்க, அவர் கொடுக்கத்தான் வேண்டியிருந்தது. நிறம் ஏற்றாத பாட்டிலை லேப்பிலிருந்து கொண்டுவந்து தம்ளரில் ஊற்றித் தண்ணீர் விட்டாள். திரண்டது. இராமதாஸ் ஒரு வாய் குடித்துப் பார்த்தார், பிறகு மிச்சத்தையும் குடித்து முடித்தார்.

"இத அனுப்புங்க. ஒண்ணும் சேக்காதீங்க."

பெரிய ஆர்டர் இல்லை, முப்பது பெட்டிதான். மூன்று வருஷம் அப்படியே பெட்டிகள் போயின. பிறகு இராமதாஸ் கடையை மூடினார், அதோடு நின்றது. அந்த மூன்று வருஷமும் செம்புப் பானைக்குப் பக்கத்தில் வேறு யாரையும் அவள் விட்டதில்லை.

ஆனால் முதல் ஆர்டர் வந்த அந்த வாரம், சாயம் கலந்த நூறு பாட்டிலை என்ன செய்வது என்ற கேள்வி நின்றது. அழிப்பதென்றால் கலால் அதிகாரி முன்னால்தான் அழிக்க வேண்டும். அதிகாரி பதிவேட்டைத் திறந்து காரணம் கேட்டார்.

"கீழ விழுந்து ஒடஞ்சிச்சின்னு எழுதிடுங்க சார்" என்றார் பலராமன்.

"ஒண்ணும் ஒடையல" என்றாள் தனக்கொடி. "சாயம் கலந்தது, கெமிஸ்ட் கையெழுத்துப் போடலன்னு எழுதுங்க."

அதிகாரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அவள் சொன்னபடியே எழுதினார். தனக்கொடி மூடிகளை ஒவ்வொன்றாகத் திருகித் திறந்து சாக்கடையில் கவிழ்த்தாள். நூறையும் அவளே கவிழ்த்தாள். சிமெண்டுத் தரையில் பிடித்த பச்சை இரண்டு மழைக்கும் போகவில்லை.