மூன்றாவது தடவை பொங்கிய பால்

“பால் வழிஞ்சா துணியைப் போட்டுத் துடைச்சுடலாம் அண்ணி. உங்க புத்தி வழிஞ்சுக்கிட்டு இருக்கே, அதை எதைப் போட்டுத் துடைக்கிறது?”

தையல்காரி கேட்டே விட்டாள். கேட்ட பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு என்ன பிரயோசனம்?

அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்த நாத்தனார் கரித்துணியும் கையுமாகத் திரும்பினாள். “என் புத்தியைத் துடைக்க உன் வெட்டுத்துணி ஒண்ணும் வேண்டாம்டி. இந்த அடுப்படி சரியில்ல, அவ்வளவுதான்.”

“ஆமாமா. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம்.”

ஒரே மாதத்தில் இது மூன்றாவது தடவை. முதல் தடவை பால் பொங்கி மேடையெல்லாம் ஓடியது. இரண்டாவது தடவை வழிந்தது போக மீதி சுண்டி, பாத்திரத்தின் அடி கரிந்தது. இந்தத் தடவை பொங்கிய பால் தீயையே அணைத்துவிட்டது. கேஸ் பாட்டுக்குச் சீறிக்கொண்டிருக்க, பக்கத்தில் நின்ற நாத்தனாருக்கு அது காதில் விழவே இல்லை. கூடத்தில் மிஷினில் உட்கார்ந்திருந்த தையல்காரிதான் வாடை பிடித்து ஓடி வந்து திருகை மூடினாள். உயிர்ப்பயத்தில் பேசுகிறவள் வாயிலிருந்து பூவா உதிரும்?

நாத்தனாருக்கு வயது எழுபத்திரண்டு. தையல்காரியின் செத்துப்போன புருஷனுக்கு மூத்தவள். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைக்கூடத்தில் முப்பத்து நாலு வருஷம் படுக்கைவிரிப்பு வெளுத்தவள். “பணக்காரன் படுக்கையும் ஏழை படுக்கையும் ஒரே நாத்தம்தான். இதை எந்தப் பள்ளிக்கூடத்துலயும் சொல்லித் தர மாட்டாங்க” என்பாள். மெஷின் இரைச்சல் காதில் பாதியைத் தின்றது. சோடாவும் பிளீச்சும் விரல்களை வெடிக்க வைத்தன. இளவயதில் பெண் பார்க்க வந்த ஒருவன் அந்தக் கையைப் பார்த்துவிட்டு, “வீட்டுல பாத்திரம் நிறைய தேய்ப்பீங்களோ?” என்று கேட்டானாம். “உங்க வீட்டுல தேய்க்க மாட்டேன், போயிட்டு வாங்க” என்று அனுப்பிவிட்டாள். அதன் பிறகு ஒருத்தனும் வரவில்லை. இவளும் வாசலைப் பார்த்து ஏங்கி உட்காரவில்லை. மூன்றாம் மாடியில் ஒற்றை அறை எடுத்து, தானே பொங்கி, தானே தின்று காலம் தள்ளினாள். அறையின் சொந்தக்காரர் கட்டடத்தை விற்றதும், முழங்கால் படியேற மறுத்ததும் ஒரே வருஷத்தில் நடந்தன. தம்பி இல்லாத வீடுதான், ஆனாலும் தம்பி பொண்டாட்டி கூப்பிட்டாள். இரண்டு பெட்டியும் ஒரு இரும்புச்சட்டியுமாக வந்து இறங்கினாள்.

வந்த அன்றைக்கே கறாராகச் சொன்னாள்: “என்னை உக்கார வச்சு சோறு போட்டா நான் ஓடிப் போயிடுவேன். காலைச் சமையல் என்னோடது.”

அந்த வீடும் ஒரு உள்ளங்கை அகலம். வாசற்கதவைத் திறந்தால் கூடம். கூடத்தின் கோடியில் அடுப்படி. நடுவில் சுவர் கிடையாது, இடுப்புயரத்துக்கு ஒரு கவுண்டர் மட்டும். அடுப்பு கடைசிச் சுவரை ஒட்டி இருந்ததால் சமைக்கிறவர் சுவரைப் பார்த்து நிற்க வேண்டும். வாசல், கூடம், தையல் மிஷின் எல்லாம் முதுகுக்குப் பின்னால்.

இரண்டாவது தடவை பால் கரிந்தபோதே தையல்காரி சும்மா இருக்கவில்லை. நாத்தனாருக்கு எட்டாமல் எட்டிப் பிடிப்பதில்தான் கவனம் சிதறுகிறது என்று நினைத்தாள். இஞ்ச் டேப்பைக் கழுத்திலிருந்து உருவி, தரையிலிருந்து முழங்கை எவ்வளவு, தோள் எவ்வளவு, கை நீட்டினால் எவ்வளவு என்று அளந்தாள்.

“என்னடி, பெட்டி செய்யவா அளவெடுக்கிற?”

“உசிரோட இருக்கிறவங்களுக்குத்தான் நான் அளவெடுப்பேன். நேரா நில்லுங்க.”

மேல் தட்டில் இருந்ததெல்லாம் இறங்கியது, கீழே கிடந்ததெல்லாம் ஏறியது. உப்பு, சர்க்கரை, எண்ணெய், கரண்டி என்று சகலமும் நாத்தனாரின் இடுப்புக்கும் தோளுக்கும் நடுவே வந்து உட்கார்ந்தன. ஒரு நூல் பிசகில்லை. ஒரு வாரம் தையல்காரி தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டாள். எட்டாம் நாள்தான் அந்த மூன்றாவது தடவையும், வாய் தவறிய சண்டையும்.

சாயங்காலம் தையல்காரியின் மகனிடம் விஷயம் போயிற்று. மகன் லிஃப்ட் மெக்கானிக். பழுதான லிஃப்ட்டைத் தொடுவதற்கு முன் மெயினை அணைத்துச் சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொள்வது அவன் தொழிலில் சட்டம். அதே புத்தி வீட்டிலும் வேலை செய்தது. மறுநாள் காலையில் சிலிண்டரிலிருந்து ரெகுலேட்டரைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டான். பகல் முழுக்க இரண்டு பெண்களுக்கும் ஃப்ளாஸ்க் டீதான்.

“இவன் லிஃப்ட்டைப் பூட்டறானா, என் வயித்தைப் பூட்டறானா?” என்று தையல்காரி பொருமினாள். வழக்கமாக இதற்கு ஒரு பதிலாவது சொல்லும் நாத்தனார் வாயைத் திறக்கவில்லை.

திறக்காததற்குக் காரணம் இருந்தது. மறதியைச் சோதிக்கிற டாக்டரிடம் மகன் திங்கட்கிழமைக்கு நேரம் வாங்கியிருந்தான். “அவர் மறதிதான்னு சொல்லிட்டா, பாத்துக்கறதுக்குன்னே ஒரு இடம் இருக்கும்மா. விசாரிச்சுட்டேன்” என்று அம்மாவிடம் மெதுவாகச் சொன்னான். அத்தைக்குக் கேட்காது என்ற தைரியம். காது கேட்காதவளுக்கு முகம் படிக்கத் தெரியும் என்பதை மறந்துவிட்டான்.

அதற்குப் பிறகு நாத்தனார் தன்னையே வேவு பார்க்க ஆரம்பித்தாள். போட்ட தாழ்ப்பாளை மூன்று தடவை தொட்டுப் பார்த்தாள். இன்றைக்கு என்ன தேதி என்று தெரிந்துகொண்டே கேட்டாள். வம்பு பேசுகிறவள் வம்பு பேசாவிட்டால் வீடு வீடாகவா இருக்கிறது?

சனிக்கிழமை மத்தியானம், துவைத்துக் காய்ந்த படுக்கைவிரிப்பைத் தையல்காரி கூடத்துக்குக் கொண்டு வந்தாள். நாத்தனார் பொட்டில் அடித்த மாதிரி கேட்டாள்.

“எனக்கு நிஜமாவே போயிடுச்சாடி? பொய் சொல்லாதே.”

தையல்காரி விரிப்பின் ஒரு முனையை நீட்டினாள். “இதைப் பிடிங்க அண்ணி, மடிச்சுடலாம்.”

நாத்தனார் பிடிக்கவில்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு சுற்றி வந்தாள். “நீ அந்தப் பக்கம் போ. நான் இங்கே நிக்கணும்.”

“எங்கே நின்னா என்ன?”

“வாசலுக்கு முதுகு காட்டி நான் எந்தக் காலத்துல நின்னிருக்கேன்? சலவைக்கூடத்துல ஈரத்துணி வண்டி பின்னாடி வரும்டி. ஆள் உயரத்துக்குத் துணி, தள்ளறவனுக்கு முன்னாடி இருக்கிறவ தெரியாது. எங்கூட இருந்தவளுக்கு இடுப்பே போச்சு. காது நல்லா இருந்தவளுக்கே அந்தக் கதி. வழியைப் பார்த்துத்தான் நிக்கணும்னு அன்னைக்கே எல்லாருக்கும் உத்தரவு.”

தையல்காரி விரிப்பைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். “அப்போ அடுப்புகிட்ட?”

“அடுப்புகிட்ட மட்டும் முதுகுல கண்ணு முளைச்சிருக்கா? பாதி நேரம் இந்தப் பக்கம் திரும்பித்தான் நிக்கறேன். கதவு திறந்தாத் தெரியறதில்ல, நீ பின்னால வந்தாத் தெரியறதில்ல. திரும்பினா பால் பொங்குது, திரும்பாட்டி என் நெஞ்சு பொங்குது. அந்தப் பழைய ரூமில அடுப்புக்கு எதிர்லயே கதவு. முப்பது வருஷத்துல ஒரு சொட்டு வழிஞ்சதில்ல.”

“இதை ஏன் அண்ணி வாயைத் திறந்து சொல்லல?”

“சொன்னேனே, அடுப்படி சரியில்லன்னு. நீ பழமொழி சொன்னே.”

தையல்காரிக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. அடுத்த நொடியே மூட்டை இறக்கி வைத்த மாதிரியும் இருந்தது. இந்த ஒரு தடவை கூடம் நிஜமாகவே கோணல். உயரம், நீளம், அகலம் எல்லாம் அளந்தவள், முகம் எந்தப் பக்கம் என்று கேட்கவே இல்லை. முன்பக்கத்தைப் பின்பக்கமாக வெட்டிவிட்டுப் பொத்தான் சரியாக இருக்கிறதா என்று பார்த்த தையல்!

ஞாயிற்றுக்கிழமை மகன் வீட்டில் இருந்தான். வாசலைப் பார்த்து நின்று சமைக்கும்படி அடுப்பைக் கவுண்டருக்கு மாற்ற வேண்டும் என்று தையல்காரி சொன்னதும் குதித்தான்.

“அந்தக் கவுண்டருக்காகத்தாம்மா இந்த வீட்டையே எடுத்தேன். எல்லாரும் உக்காந்து சாப்பிடலாம்னு.”

“அங்கே உன் சாவியும் கரண்ட் பில்லும்தாண்டா உக்காந்து சாப்பிடுது” என்றாள் நாத்தனார். அன்றைக்குத்தான் அவளுடைய வம்பு வாய் மறுபடி திறந்தது. மகனே சிரித்துவிட்டான்.

கவுண்டர் காலியாயிற்று. ட்யூப் எட்டவில்லை என்று சிலிண்டரை அடுப்படியின் நடுத்தரைக்கு இழுத்தார்கள். எண்ணெய் மிஷின் பக்கம் தெறிக்காமல் இருக்க அடுப்பின் பக்கவாட்டில் ஒரு பெரிய எவர்சில்வர் தட்டை நிமிர்த்தி வைத்தார்கள். நாத்தனார் பாலை ஏற்றினாள். அம்மாவும் மகனும் கைகட்டி நின்றார்கள்.

“பொண்ணு பார்க்க வந்தவங்க மாதிரி ஏன்டா நிக்கறீங்க? போய் வேலையைப் பாருங்க.”

மகன் சந்தேகப் பிராணி. சத்தமில்லாமல் வெளியே போனான். பால் ஏடு கட்டி நெளிகிற நேரம் பார்த்துக் கதவை மெல்லத் திறந்து உள்ளே வந்தான். நாத்தனார் நின்ற இடத்திலிருந்து நகரவில்லை.

“செருப்பைக் கழட்டிட்டு வாடா” என்றாள். பால் விளிம்பைத் தொட்டது. திருகை மூடினாள். ஒரு சொட்டு வழியவில்லை.

தையல்காரி மிஷினுக்கு முன்னால் போய் உட்கார்ந்து, தைப்பதற்கு ஒன்றுமில்லாமலே சக்கரத்தைச் சுற்றினாள். கண்ணைத் துடைக்க ஒரு சாக்கு வேண்டுமே.

டாக்டர் நேரத்தை மகன் இரண்டு வாரம் தள்ளிப் போட்டான். அந்த இரண்டு வாரமும் சிலிண்டர் நடுவழியில் நின்று மூன்று பேர் கால்விரலையும் பதம் பார்த்தது. தைக்க வந்த துணியில் தாளிப்பு வாடை ஏறியதால் தையல்காரி அவற்றைப் பாலிதீன் பையில் கட்டி வைக்க வேண்டியிருந்தது. ஒரு நாள் குழம்பில் உப்பு இரட்டிப்பாக விழுந்தது. தையல்காரி போன மாதம் தானே அப்படிப் போட்டவள், வாயை மூடிக்கொண்டு தின்றாள். பால் மட்டும் ஒரு நாளும் பொங்கி வழியவில்லை. பதினைந்தாம் நாள் காலையில் மகன் டாக்டர் நேரத்தை ரத்து செய்துவிட்டு, ரெகுலேட்டரைச் சிலிண்டரிலேயே விட்டுவிட்டு வேலைக்குப் போனான். காது டாக்டரையாவது பார்க்கலாம் என்று அவன் சொன்னதற்கு, “உங்கம்மா பேச்சு பாதி கேக்கறதே எனக்கு அதிகம்” என்று நாத்தனார் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாள்.

சிலிண்டரைப் பழைய மூலைக்கே தள்ளி வைக்க, நீளமான கேஸ் ட்யூப் ஒன்றை அன்று சாயங்காலமே மகன் வாங்கி வந்து மாட்டினான். இரண்டு முனையிலும் சோப்பு நுரை தடவி, குமிழ் வருகிறதா என்று மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள். வரவில்லை. ட்யூப், இரண்டு கிளிப்போடு சேர்த்து, முந்நூற்று நாற்பது ரூபாய்.