உள்வீட்டுச் சரளை

பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்கள். பூமி ஆளும் ஆசை எனக்கு இல்லை. இருக்கிற மூன்று மா நிலத்தையே குத்தகைக்கு விட்டிருக்கிறோம். என் நாத்தனார் ஒரு மைக்கைக் கையில் பிடித்து, நான் யார் என்பதை நாலு பேர் முன்னால் ஒழுங்காகச் சொன்னால் போதும். அதற்காக நாலு மாதம் பொறுத்தேன். சும்மா பொறுக்கவில்லை, தைத்துக்கொண்டே பொறுத்தேன்.

பட்டுக்கோட்டையில் எங்கள் வீட்டு முன்னறையில் இரண்டு மெஷின் போட்டு ரவிக்கை தைக்கிறேன். எந்த வகுப்புக்கும் போனதில்லை. கல்யாணத்துக்கு முன்பு கிழிசல் தைத்துப் பழகிய கை, கல்யாணத்துக்குப் பிறகு கானாவில்தான் தேறியது. என் வீட்டுக்காரர் மெஷின் மெக்கானிக். அங்கே தேமா துறைமுகத்தில் பிளாஸ்டிக் நாற்காலி செய்யும் ஒரு பேக்டரியில் வேலை கிடைத்துப் போனார். நானும் பிள்ளையும் பின்னால் போனோம். எட்டு வருஷம் அங்கே இருந்தோம்.

எங்கள் வாசலுக்கு எதிரே ஒரு பழைய கப்பல் கண்டெய்னர். அதற்கு நீலப் பெயின்ட் அடித்து, ஒரு பக்கத்தை வெட்டி ஜன்னல் வைத்து, அதையே தையல் கடையாக்கியிருந்தாள் ஒருத்தி. என் வயதுதான் இருக்கும். அவள் பேசும் இங்கிலீஷும் உடைசல், என் இங்கிலீஷும் உடைசல். இரண்டு உடைசலும் சேர்ந்தால் ஒரு முழுப் பானை ஆகிவிடும் போல, எங்களுக்குள் பேச்சு முட்டியதே இல்லை. அவள் காகிதத்தில் அளவு வெட்ட மாட்டாள். ஆளை ஒரு முறை சுற்றிப் பார்ப்பாள், சாக்பீஸால் துணி மேலேயே நாலு கோடு, கத்தரி ஓடும். கடையில் நாள் முழுக்க டிவி. அவர்கள் ஊர்ப் படம் ஓடும். வில்லி மாடிப்படி இறங்கி வரும்போது கதை கேட்க மாட்டாள், "கையைப் பார், கையைப் பார்" என்பாள். படத்தை நிறுத்தி அந்தக் கையை வரைந்துகொள்வாள்.

அந்தக் கைதான் எனக்குப் பிழைப்பு கொடுத்தது. தோளில் விசிறி மடிப்பாக எழுந்து நிற்கும் கை. உள்ளே கேன்வாஸ் வைத்து மடிப்பைக் கையால் பிடிக்க வேண்டும். மடிப்பைத் தோள் முனையில் ஆரம்பிக்கக் கூடாது, ஒரு விரல் அளவு கழுத்துப் பக்கம் தள்ளி ஆரம்பிக்க வேண்டும். இல்லாவிட்டால் கையைத் தூக்கும்போது ரவிக்கையே கூடச் சேர்ந்து மேலே ஏறும். இந்த ஒரு விரலைத்தான் நான் எட்டு வருஷத்தில் சம்பாதித்துக் கொண்டுவந்தேன்.

இன்னொன்றும் அங்கே கற்றேன். அந்த ஊரில் துணிக்குப் பழமொழி உண்டு. ஒவ்வொரு அச்சுக்கும் ஒரு பெயர், பெயருக்குப் பின்னால் ஒரு சொலவடை. ஒரு துணிக்கு 'நல்ல பாசிமணி சத்தம் போடாது' என்று அர்த்தம். நான் துள்ளிக் குதித்துவிட்டேன். "எங்க ஊர்ல நிறைகுடம் தளும்பாதுன்னு சொல்வோம்" என்றேன். அன்று முழுக்க அவள் ஒன்று சொல்ல, நான் ஒன்று சொல்ல, வேலையே நடக்கவில்லை. வாயால் சொல்ல முடியாததைப் பெண்கள் அங்கே கட்டிக்கொண்டு போய்ச் சொல்லிவிடுவார்கள். கேட்டவளுக்குப் புரியும், ஆனால் சண்டைக்கு வர முடியாது. துணிதானே கட்டியிருக்கிறாள்?

அதில் ஒரு துணி, செங்காவி நிறத்தில் வெள்ளையும் மஞ்சளுமாகப் பொடிக்கல் இறைத்த மாதிரி இருக்கும். வீட்டு முற்றத்துச் சரளை என்று பெயர். வழியில் கிடக்கிற கல் குத்தினால் வலிக்கும், சொந்த வீட்டு முற்றத்துக் கல் குத்தினால் கத்தியைவிட ஆழமாக இறங்கும் என்று அர்த்தம்.

அதை அவள் எப்படிக் கட்டினாள் என்பதைக் கண்ணால் பார்த்தேன். அவள் சித்தி மகன் ஒருவன் படம் எடுத்தான். கதாநாயகிக்குப் பதினோரு உடுப்பு இவள் தைத்துக் கொடுத்தாள். படத்தில் பெயர் போடுகிறேன் என்றவன் போடவில்லை. கேட்டதற்கு, "குடும்பத்துக்குள்ள என்ன பேரு?" என்றானாம். முதல் காட்சிக்குத் தன் கடைப் பெண்கள் ஆறு பேருக்கும் அந்தச் சரளைத் துணியில் உடுப்பு தைத்து, ஏழு பேராக முன்வரிசையில் போய் உட்கார்ந்தாள். வாயைத் திறக்கவில்லை. அரங்கமே திரும்பிப் பார்த்தது. அடுத்த படத்தில் அவள் பெயர் தனியாக வந்தது. இன்று அவளிடம் பதினைந்து பேர் வேலை செய்கிறார்கள், லண்டனுக்கு உடுப்பு போகிறது. நாங்கள் ஊர் திரும்பிய அன்று அந்தத் துணியில் ஆறு கெஜம் மடித்துக் கொடுத்து, "தேவைப்படாமல் இருக்கட்டும்" என்றாள்.

தேவைப்பட்டது.

என் நாத்தனார், வீட்டுக்காரருக்கு ஒரே தங்கை, தஞ்சாவூரில் பொட்டிக் வைத்திருக்கிறாள். நல்ல வாய். வாயுள்ள பிள்ளை பிழைக்கும். அவளோ ஒரு வாயை வைத்து ரெண்டு கடை நடத்துவாள். பொங்கல் கண்காட்சிக்கு என்று ஆறு ரவிக்கை கேட்டாள். கானாத் துணியை வைத்து விசிறிக் கையோடு தைத்துக் கொடுத்தேன். "உங்க பேரைப் போட்டே வைக்கிறேன் அண்ணி" என்றாள். ரவிக்கைக்கு ஏகப்பட்ட பேச்சு. பத்து நாள் கழித்து அவள் பேட்டி ஒன்று யூடியூபில் வந்தது. என் வீட்டுக்காரர்தான் போனைக் கொண்டுவந்து காட்டினார். நான் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

"இந்த ஐடியா எப்படி மேடம் வந்துச்சு?"

"ஆப்பிரிக்கன் ஃபேஷன் பத்தி ரொம்ப வருஷமா ஆராய்ச்சி பண்ணிட்டு இருந்தேன்" என்றாள் என் நாத்தனார். திருச்சி ஏர்போர்ட்டில் எங்களை வழியனுப்ப வந்ததுதான் அவள் போன அதிகபட்ச ஆப்பிரிக்கா.

"தையலும் நீங்களேவா?"

"டிசைன் எல்லாம் நான்தான். தைக்கிறதுக்கு ஊர்ப்பக்கம் ஒரு அம்மா இருக்காங்க."

"உன்னைத்தான் சொல்றா!" என்று என் வீட்டுக்காரர் சந்தோஷப்பட்டார். நல்ல மனுஷர். நான் கீரையை விட்டுவிட்டுக் காம்பைப் பாத்திரத்தில் போட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரு அம்மா. பெயர் போடாததைக்கூட மறந்திருப்பேன். அண்ணி என்ற ஒரு சொல் அவள் வாயில் அன்று வரவில்லை பாருங்கள், அது உள்ளே போய்த் தங்கிவிட்டது. குலத்தைக் கெடுக்க வந்த கோடாலிக்காம்பு என்று நாம் சொல்வோம். அவர்கள் சரளை என்கிறார்கள். அன்று சாயங்காலமே டிரங்குப் பெட்டியைத் திறந்தேன்.

என் நாத்தனாரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நான் எதைப் போட்டாலும் அவளுக்கு அது வேண்டும். நான் ஒற்றைக்கல் மூக்குத்தி போட்டால் அடுத்த மாதம் அவள் மூக்கிலும் ஒற்றைக்கல். நான் வாசலில் நந்தியாவட்டை வைத்தால் அவள் மாடித் தொட்டியிலும் நந்தியாவட்டை. இதை நம்பித்தான் நான் இறங்கினேன்.

பேராவூரணியில் ஒரு சொந்தக்காரக் கல்யாணம். வெள்ளைப் பட்டுக்குச் சரளைத் துணி ரவிக்கை போட்டுப் போனேன். பந்தியில் உட்காருவதற்குள் வந்துவிட்டாள்.

"அண்ணி, இது என்ன துணி? எங்கிட்ட சொல்லவே இல்ல?"

"அங்கேருந்து வந்ததும்மா. இதை அர்த்தம் பார்த்துத்தான் போடுவாங்க."

"அப்ப நீங்க?"

"நான் அர்த்தம் பார்த்துத்தான் போட்டிருக்கேன்."

சிரித்தாள். "இதுல எனக்கு வரவழைச்சுக் குடுங்க. வைகாசியில புதுக் கடை திறக்கிறேன்ல, நானும் கடைப் பொண்ணுங்களும் ஒரே மாதிரி நிக்கணும். அங்கெல்லாம் விசேஷம்னா குடும்பமே ஒரே துணிதானே?"

"இது வேணாம்மா. வேற நல்ல துணியா வரவழைக்கிறேன்."

"ஏன் அண்ணி, நான் போட்டா உங்களுக்கு எரியுதா?"

இரண்டு தடவை சொல்லியாகிவிட்டது. மூன்றாவது தடவை சொல்ல நான் என்ன ஏலமா போடுகிறேன்? "அளவு ரவிக்கை குடுத்து அனுப்பு" என்றேன்.

தேமாக்காரிக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டேன். அவள் சிரித்த சிரிப்பு என் முன்னறை முழுக்கக் கேட்டது. துணி வந்தது. நாத்தனாருக்கும் கடைப் பெண்கள் எட்டுப் பேருக்கும் ஒன்பது ரவிக்கை. உள்ளதைச் சொல்கிறேன், என் வாழ்நாளில் அவ்வளவு சுத்தமாக நான் தைத்ததில்லை. ஒரு நூல் பிசிறு கிடையாது. பழிவாங்குகிறவள் வேலையில் குறை வைக்கக் கூடாது.

கடைசியில் அவளே வந்து வாயைக் கொடுத்தாள். "தஞ்சாவூர்ல படிக்கிற ஆப்பிரிக்காப் பொண்ணுங்க உங்ககிட்ட தைக்க வருவாங்கள்ல? ரெண்டு பேரைக் கூட்டிட்டு வாங்களேன், போட்டோவுக்கு நல்லா இருக்கும்."

வந்தவர்களில் ஒருத்தி கானாக்காரி. பஸ் பிடித்து என்னிடம் உடுப்பு தைக்க வருகிறவள். இரண்டு வருஷத்தில் கொஞ்சம் தமிழ் பழகியிருந்தாள். ஒன்பது ரவிக்கையையும் என் வீட்டில் ஹேங்கரில் பார்த்தவள், முதலில் ரவிக்கையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஆண்ட்டி, சண்டையா?"

"இன்னும் இல்ல. யாராவது கேட்டா உள்ளதைச் சொல்லு. கேக்காட்டி கேக் சாப்பிட்டுட்டு வா."

திறப்பு விழா காலை பத்தரைக்கு. முன்வரிசையில் என் மாமியார், பக்கத்தில் நாத்தனாரின் மாமியார் உட்படச் சம்பந்தி வீட்டார், வாடிக்கைக்காரர்கள். நான் மூன்றாவது வரிசை. ஒன்பது பேரும் சரளைத் துணியில் வரிசையாக நின்றார்கள். அழகாகத்தான் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். தொகுத்து வழங்க லோக்கல் கேபிள் டிவிப் பெண் ஒருத்தி. துறுதுறுவென்று பேசினாள். கேக் வெட்டி முடித்து, கானாப் பெண்ணிடம் மைக்கை நீட்டி, "உங்க நாட்டுத் துணியை எங்க மேடம் தஞ்சாவூருக்கே கொண்டு வந்திருக்காங்க. இதுக்கு என்ன அர்த்தம்னு சொல்லுங்களேன்!" என்றாள்.

அந்தப் பெண் என் பக்கம் பார்த்தாள். நான் மோர் குடித்துக்கொண்டிருந்தேன்.

அவள் இங்கிலீஷில் சொல்லச் சொல்ல, கேபிள் டிவிப் பெண் வரி வரியாகத் தமிழில் சொன்னாள், கல்யாணச் செய்தி சொல்கிற குரலில். "இந்தத் துணிக்கு வீட்டு முற்றத்துச் சரளைன்னு பேராம்! சொந்த வீட்டு ஆளே நமக்குத் துரோகம் பண்ணினா... கத்தியைவிட ஆழமா... குத்தும்னு..." அங்கேதான் அவள் குரல் இறங்க ஆரம்பித்தது. ஆனால் பழக்க தோஷம், நிறுத்தத் தெரியவில்லை. "யார் வீட்டுல துரோகம் நடந்துச்சோ அவங்க இதைப் போட்டுட்டு வருவாங்களாம். மேடம், உங்களுக்கு யாரு துரோகம் பண்ணாங்கன்னு கேக்குறாங்க."

சம்பந்தியம்மா மெல்லத் திரும்பித் தன் மருமகளைப் பார்த்தார். எங்களையா சொல்கிறாள் என்று அந்த முகம் கேட்டது. என் நாத்தனாரின் முகத்தில் இருந்த பவுடர் தனியாகத் தெரிந்தது.

"இல்ல இல்ல, அதெல்லாம் இல்ல, சும்மா டிசைன்தான்..."

"கை ரொம்ப நல்லா இருக்கு" என்று கானாப் பெண் தன் தமிழில் சொன்னாள். "எங்க ஊர்க் கை. ஆண்ட்டி தைச்சது." என்னைக் கைகாட்டினாள்.

எல்லாத் தலையும் மூன்றாவது வரிசைக்குத் திரும்பியது. கேபிள் டிவிப் பெண், தப்பித்தோம் என்று மைக்கை நாத்தனாரிடம் நீட்டி, "அவங்க யாரு மேடம்?" என்றாள்.

"அவங்க... ஊர்ப்பக்கம் நமக்குத் தைச்சுக் குடுக்குற..."

"என்னடி தைச்சுக் குடுக்குற?" என் மாமியார் முன்வரிசையிலிருந்து எழுந்தேவிட்டார். இருபத்தைந்து வருஷத்தில் எனக்காக அந்த அம்மா எழுந்தது அதுதான் முதல். "உன் கூடப் பொறந்தவன் பொண்டாட்டிடி அவ! சொல்றதுக்கு நாக்கு வளையலையா?"

"எங்க அண்ணி" என்றாள் நாத்தனார். மைக் நன்றாக வேலை செய்தது. "எங்க அண்ணிதான். கை டிசைன் அவங்களோடது."

நான் மோர் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஒரு கும்பிடு போட்டேன். அந்த வீடியோ என் போனில் இருக்கிறது. மனம் சரியில்லாத நாட்களில் பார்ப்பேன். சரியாக இருக்கும் நாட்களிலும் பார்ப்பேன்.

மறுநாள் போன் செய்தாள். "தெரிஞ்சேதானே செஞ்சீங்க?"

"தெரிஞ்சேதான்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"ரெண்டு தடவை சொன்னேன். எரியுதான்னு கேட்ட."

வைத்துவிட்டாள். மூன்று மாதம் பேச்சில்லை. தேமாக்காரி ஒரு மெசேஜ் அனுப்பினாள்: "பார்த்துக்கொள், ஒரு முற்றத்தில் நடக்கிற இரண்டு பேருக்கும் சரளை சரளைதான்." அப்போது சிரித்துவிட்டு விட்டுவிட்டேன்.

ஆவணியில் என் மகளுக்கு வளைகாப்பு. அத்தைக்காரி வராமல் இருக்க முடியாது, வந்தாள். வாசலில் செருப்பை விட்டு நிமிர்ந்தாள் பாருங்கள், நான் திருப்பிக் கொடுத்திருந்த மீதித் துணியில் புதிதாகத் தைத்த ரவிக்கை. அதே செங்காவி, அதே பொடிக்கல். இந்த முறை அர்த்தம் தெரிந்து போட்டு வந்திருக்கிறாள். என் வீட்டு வாசலில், என்னைப் பார்த்து.

"வாம்மா" என்றேன்.

"வரேன் அண்ணி" என்றாள். அந்த அண்ணியை அழுத்திச் சொன்னாள். என்னையறியாமல் ஒரு நொடி, பரவாயில்லை, பாடம் படித்துவிட்டாள் என்றுகூடத் தோன்றியது.

நான் தைத்ததைப் போட மனமில்லாமல் வேறு யாரோ டெய்லரிடம் கொடுத்துத் தைத்திருந்தாள். மனையில் உட்கார்ந்திருந்த என் மகளுக்குச் சந்தனம் பூசக் கையைத் தூக்கினாள். மடிப்பு தோள் முனையில் ஆரம்பித்திருந்தது. கையோடு ரவிக்கை மேலே ஏறியது. விசிறி ஒரு பக்கம் சாய்ந்து, முதுகில் சுருக்கம் விழுந்தது. இழுத்துவிட்டாள். வளையல் போடக் கையைத் தூக்கினாள், மறுபடியும் ஏறியது. பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார்கள். வளையலைப் பாதியில் விட்டுவிட்டு என் பக்கம் பார்த்தாள். கேட்கவில்லை, ஆனால் பார்த்தாள்.

ஒரு விரல் தள்ளி இரண்டு ஊக்குப் போட்டால் நின்றுவிடும். என் தாலிக்கயிற்றில் நாலு ஊக்கு தொங்கிக்கொண்டிருந்தது. தையல்காரியின் கை, தப்பான தையலைப் பார்த்தால் தானாக நீளும். என் கையும் நீண்டது.

நீண்ட கையால் சந்தனக் கிண்ணத்தை எடுத்து அடுத்த ஆளிடம் கொடுத்தேன்.