இறக்கி வைத்த இஸ்திரிப் பெட்டி

ஒருவரின் கை அவருக்குச் சொந்தமா, அவர் செய்யும் வேலைக்குச் சொந்தமா? சலவைக்கூடத்தில் நிற்காமல் துணி தேய்த்து ‘ரயில்’ என்று பேரெடுத்தவளின் வாழ்க்கை இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது.

சட்டைகள் தேய்க்கும் மேசை அவளுடையது. அங்கே ஒரு வீம்பு உண்டு. ஒரு சட்டை முடியும்வரை இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைக்கக் கூடாது. இடக்கை துணியைத் திருப்பும். வலக்கை கனத்தை அந்தரத்தில் தாங்கும். யாரும் போட்ட சட்டமல்ல. அதனாலேயே மீறவும் ஆளில்லை.

ஒருநாள் தண்ணீர்க் குவளையைத் தூக்கும்போது வலது முழங்கையின் வெளிப்புறம் சுரீரென்றது. தைலம் தேய்த்துப் பல்லைக் கடித்து ஓட்டினாள். கதவுக் குமிழைத் திருக முடியாமல் போனதும் மருத்துவரிடம் போனாள். ‘டென்னிஸ் எல்போ’, டென்னிஸ் ஆடுகிறவர்களுக்கு வரும் முழங்கை வலி என்றார். மட்டையைத் தொட்டே அறியாதவளுக்குச் சிரிப்பு வந்தது. சில வாரம் கைக்குக் கனம் வேண்டாம், பிறகும் பழையபடி தூக்கினால் வலி திரும்பும், வேலை செய்யும் விதத்தை மாற்று என்றார்.

அவள் வீட்டில் படுக்கவில்லை. தினமும் வந்து பெஞ்சில் உட்கார்ந்து இடக்கையால் காலுறைகளை ஜோடி சேர்த்தாள். ஓய்வில் பெரிய வீரம் ஒன்றுமில்லை. ஆனால் ஆவி பறக்கும் கூடத்தின் நடுவே, எல்லோரும் பார்க்க, கையை மடியில் போட்டுக்கொண்டு இருக்க நெஞ்சழுத்தம் வேண்டும்.

கூடத்தை மேற்பார்வை பார்த்தவள் அவளுடைய நாத்தனார், புருஷனின் அக்கா. மேசையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று நாலு பேர் கேட்கச் சொன்னாள்.

“எனக்குந்தான் கை வலிக்குது. நான் என்ன ஊரைக் கூட்டுறேனா?”

“வலிச்சா நீங்களும் உக்காருங்க அண்ணி. பெஞ்சுல இடம் இருக்கு.”

வலி மெல்லத் தணிந்தது. ஒரு ஓரமேசையில் மறுபடி தொடங்கினாள். முழங்கையை விலாவோடு ஒட்டி, பிடியைத் தளர்த்தி, துணியைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் பெட்டியைத் தாங்கியில் வைத்தாள். ‘டொக்’ என்ற சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது.

“ரயிலு எல்லா ஸ்டேஷன்லயும் நிக்குதே,” என்றாள் பக்கத்து மேசைக்காரி.

“நின்னாதானே சனம் ஏறும்.”

சட்டைகள் தாமதமாக முடிந்தன. ஒன்றுகூடச் சுருக்கமென்று திரும்பி வரவில்லை. கொஞ்ச நாளில் மற்ற மேசைகளிலிருந்தும் அந்தச் சத்தம் கேட்கத் தொடங்கியது, முதலில் திருட்டுத்தனமாக.

ஒரு காலை நாத்தனார் அவளருகே வந்து நின்றாள்.

“உன் மேசைய நீயே எடுத்துக்க. வெச்சு வெச்சே தேயி. ஒண்ணும் சொல்லல.”

கூடம் காதைத் தீட்டிக்கொண்டிருந்தது. அவள் சட்டை மேசைக்குப் போனாள். விரிப்பை இழுத்துச் சரிசெய்தாள். பெட்டியின் சூட்டைப் பார்த்தாள். பிறகு பக்கத்து மேசைக்காரியை அங்கே கூப்பிட்டு நிறுத்திவிட்டு, கூடத்திலேயே மட்டமென்று பெயர்பெற்ற தலையணை உறை மேசைக்கு நடந்தாள். கடைசிவரை அங்கேயே இருந்தாள். ஏனென்று நாத்தனார் கேட்டுப் பார்த்தாள், புருஷனும் கேட்டுப் பார்த்தான். கேட்டபோதெல்லாம் அவள் வலக்கையை வலியில்லாமல் நீட்டி மடக்கிக் காட்டினாள்.